அவிழ்க்கிறவள்

முள்ளிப்பட்டில் வேணுகோபால் வீட்டில் யாருக்கு என்ன வேலை என்பது பிறக்கும்போதே எழுதிவைத்த மாதிரி. மகன் சதீஷ் கட்டுவான். அவனுக்கு வருகிற பெண்டாட்டியும் கட்டுவாள். மகள் ஹேமலதா அவிழ்ப்பாள். பத்து வயதில் அவள் கையில் முதல் நூல் கற்றையைக் கொடுத்து, நகத்தால் நோண்டு, பல்லால் கடித்தால் பட்டு அறுந்துவிடும் என்று சொன்னதோடு சரி. அதற்குமேல் அவளுக்கு யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஆரணியைச் சுற்றி அத்தனை தறி ஆடுகிறதே, எல்லாவற்றிலும் நெய்யும்போதுதான் பூ விழும். வேணுகோபால் வீட்டுச் சேலைக்கு நூலிலேயே பூ விழுந்துவிடும். குறுக்கே ஓடுகிற ஊடை நூலைச் சட்டத்தில் இழுத்துப் பிடித்து, பூ வர வேண்டிய இடத்தையெல்லாம் பழைய சைக்கிள் டியூபைக் கீறி எடுத்த ரப்பர் வாரால் இறுக்கிக் கட்டுவார்கள். சாயத்தில் முக்கினால் கட்டிய இடத்தில் சாயம் ஏறாது. அவிழ்த்துப் பார்த்தால் சிவப்புக்கு நடுவே வெள்ளைத் துண்டு துண்டாக நிற்கும். அதையே தறியில் வரிசை மாறாமல் போட்டால் யானையும் கிளியுமாக ஒன்றுகூடிவிடும். ஒரு கட்டு தள்ளிப்போனால் யானை யானையாக இருக்காது. ஹேமலதாவின் தாத்தா தெலுங்குச் சீமையில் பத்து வருஷம் கிடந்து கற்றுக்கொண்டு வந்த வித்தை அது. சுற்றுவட்டாரத்தில் வேறு வீட்டில் கிடையாது.

கிடையாது என்ன, கிடைக்க விடவில்லை. நூலில் கோடு கிழிக்க மாட்டார்கள், புள்ளி வைக்க மாட்டார்கள், எல்லாம் விரலாலும் கைப்பிடியாலும் அளக்கிற விரல் கணக்கு. கட்டுகிற அறைக் கதவு எப்போதும் சாத்தியிருக்கும். வீட்டில் பிறந்த பெண்ணுக்குச் சொல்லித்தரக் கூடாது, அவள் வேறு வீட்டுக்குப் போகிறவள், வித்தையை மடியில் கட்டிக்கொண்டு போய்விடுவாள் என்று தாத்தா போட்ட சட்டம். மருமகளுக்குச் சொல்லித்தரலாம், அவள் வந்தவள், போக மாட்டாள். நல்ல நியாயம்! ஹேமலதாவின் அம்மாவும் அப்படி வந்து கற்றவள்தான். மகளுக்கு ஒன்பது வயது நடக்கும்போது கண்ணை மூடினாள். மூடுகிற வரைக்கும் மகளிடம் வாயைத் திறக்கவில்லை.

அவிழ்ப்பதில் மட்டும் ஆபத்தே இல்லை என்று அந்த வீட்டில் முடிவு. ஒருமுறை ஆரணியிலிருந்து வந்த பட்டுக்கடைக்காரர், பொண்ணு பாத்துகினே கீதே, கத்துக்காதா என்று கேட்டார். வேணுகோபால் சிரித்துவிட்டார்.

"அவுக்கறவளுக்கு இன்னாங்க தெரியும்?" என்றார்.

என்ன தெரியாது என்று கேட்டிருக்க வேண்டும். அந்த வீட்டில் கட்டிய ஒவ்வொரு கட்டும் கடைசியில் அவள் விரலுக்குத்தான் வந்து சேர்ந்தது. எத்தனாவது பிடியில் எத்தனை கட்டு, யானையின் தும்பிக்கை எங்கே வளைகிறது, கிளிக்கு மூக்கு எங்கே ஆரம்பிக்கிறது, எல்லாவற்றையும் பின்னாலிருந்து முன்னாலாக அவள் படித்துக்கொண்டிருந்தாள். பதினைந்து வயதில் அடுப்படியில் உட்கார்ந்து, பழைய பருத்தி நூலில், தூக்கிப்போட்ட ரப்பர் வாரால் கட்டிப் பார்த்தாள். சரியாக வந்தது. அடுப்பில் போட்டு எரித்தாள். மறுநாள் மறுபடி கட்டினாள்.

தொண்ணூற்று மூன்றில் சதீஷுக்குக் கல்யாணம். பெண் பரிமளா, தேவிகாபுரம். வேர்க்கடலையும் நெல்லும் போடுகிற குடும்பம். பட்டை அவள் கல்யாணப் புடவையாகப் பார்த்ததோடு சரி, நூலாகப் பார்த்ததேயில்லை. மூன்றாவது மாதம் அவளைக் கூட்டிக்கொண்டுபோய் அறைக்குள் உட்கார வைத்து வேணுகோபால் கதவைச் சாத்தினார். வெளியே ஹேமலதா கற்றையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? நேற்று வந்தவளுக்கு உள்ளே பாய் போட்டிருக்கிறது, பத்து வருஷமாக நகம் தேய்ந்தவள் கதவுக்கு வெளியே.

அன்றைக்குச் சாப்பாடு போடும்போது அப்பாவிடம் நேராகவே கேட்டுவிட்டாள். அண்ணிக்குச் சொல்லித்தருவதை எனக்கும் சொல்லித்தந்தால் என்ன என்றாள். வேணுகோபால் சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை.

"நீ வேற வூட்டுக்குப் போவாம இங்கியே இருக்கறதா இருந்தா, உனக்கும் கத்துக்குடுக்கறேன்மா," என்றார்.

பேச்சுக்குச் சொன்னாரா, வாயை அடைக்கச் சொன்னாரா, அவருக்கே வெளிச்சம். ஹேமலதா அதை வாக்காக எடுத்துக்கொண்டாள். பைத்தியக்காரி, அப்படியே மனதில் முடிந்துவைத்துக்கொண்டாள்.

அடுத்த வருஷமே துரை வந்தான். ஆரணியில் சொந்தமாக இரண்டு தறி வைத்திருந்தவன். நூல் வாங்க வருகிறேன் என்று வந்து, நூலைவிட அவளைத்தான் அதிகம் பார்த்தான். ஒரு நாள் அவள் நகத்தைப் பார்த்துவிட்டு, இன்னா இப்டி தேஞ்சி போயிகீது என்று கேட்டான். அடுத்த தடவை வரும்போது கட்டை நெம்பி அவிழ்க்க ஒரு சின்னப் பித்தளைக் கொக்கி செய்வித்துக் கொண்டுவந்தான். மூன்றாம் தடவை அவன் அம்மா தாம்பூலத்தோடு வந்தாள். ஹேமலதாவுக்கு அவனைப் பிடித்திருந்தது. நிறையவே பிடித்திருந்தது. ஆனாலும் மாட்டேன் என்றாள். அதற்குப் பிறகு வந்த இன்னொரு இடத்தையும் மாட்டேன் என்றாள். ஊரில் இந்தப் பெண்ணுக்கு என்ன கொழுப்பு என்று பேசினார்கள். வேணுகோபால் காதில் விழாத மாதிரி இருந்தார். வீட்டு வேலைக்கும் அவிழ்க்கவும் ஆள் இருக்கிறதே, அவருக்கென்ன நஷ்டம்?

கற்றுக்கொடுப்பது மட்டும் தள்ளிக்கொண்டே போனது. தீபாவளி வேலை முடியட்டும் என்றார். தை முகூர்த்தம் போகட்டும் என்றார். ஆடியில் சும்மாதானே இருப்போம், அப்போது பார்க்கலாம் என்றார். ஒவ்வொரு ஆடியிலும் சும்மாதான் இருந்தார். ஹேமலதா ஆடிக்கு ஆடி எண்ணிக்கொண்டிருந்தாள்.

பரிமளாவைக் குறை சொல்லக் கூடாது, நல்ல மாதிரிதான் பழகினாள். ஆனால் கை ஓடாது. பிடியை எண்ணும்போது தப்புவாள், மாமனாரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வாள், அடுப்படிக்கு வந்து மூக்கைச் சிந்துவாள். ஒரு நாள் அப்படி வந்தபோதுதான் ஹேமலதாவின் மடியில் பருத்தி நூல் யானையைப் பார்த்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. அதிலிருந்து ஹேமலதாதான் அவளுக்கு வாத்தியார். ஏழாம் பிடியில் ஒரு கட்டு கூடியிருக்கிறது அண்ணி, கிளிக்கு வால் குட்டையாகிறது அண்ணி என்று அவிழ்க்கும்போது பார்த்துச் சொல்வாள். பரிமளா அடுத்த கற்றையில் திருத்திக்கொள்வாள். மருமகளுக்கு வித்தை படிந்துவிட்டது என்று வேணுகோபால் ஊரெல்லாம் பெருமை அடித்தார்.

இரண்டாயிரத்து இரண்டில் சதீஷ் கையை உதறினான். செய்யாறு கம்பெனியில் ஷிப்ட் வேலை கிடைத்தது, கம்பெனி பஸ் வருகிறது, மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது, இந்த முடிச்சுப் போடுகிற பேஜார் எனக்கு வேண்டாம் என்று பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு செய்யாற்றில் குடியேறிவிட்டான். வேணுகோபால் இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஹேமலதாவுக்கு அண்ணன் போனது வருத்தம்தான். ஆனால் பொய் சொல்வானேன், உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சியும் இருந்தது. இனிமேல் யார் இருக்கிறார்கள், நான்தானே? கட்டுகிற அறையைப் பெருக்கி, மெழுகி, சட்டத்தைத் துடைத்துவைத்தாள். அவளுக்கு அப்போது இருபத்தொன்பது வயது.

அறையைத் துடைத்து என்ன செய்ய? அவர் அவளைக் கூப்பிடவில்லை. ஆரணியிலிருந்து ஒரு கைத்தறித் துறை அதிகாரி வந்தார். இந்த வித்தை அழிந்துபோகக் கூடாது, இருபது பெண்களுக்கு ஆறு மாதம் கற்றுக்கொடுங்கள், உங்களுக்குப் பயிற்றுநர் என்று சான்றிதழ் தருகிறோம் என்றார். வேணுகோபாலுக்குத் தலைகால் புரியவில்லை. ஊர்க்கோடிக் கல்யாணக்கூடத்தில் கரும்பலகை மாட்டி, தாத்தாவின் விரல் கணக்கையெல்லாம் சாக்பீஸால் எழுதிப்போட்டார். கூடத்துக்குக் கதவே கிடையாது. தெருவில் போகிற ஆட்டுக்காரன்கூட நின்று பார்த்துவிட்டுப் போனான்.

ஹேமலதா தன் பெயரையும் சேர்க்கச் சொன்னாள். பட்டியல் நிரம்பிவிட்டது என்றார். சரி, பட்டியலில் வேண்டாம், பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன் என்றாள். அப்புறம் யார் அவிழ்ப்பது என்றார். அவள் விடவில்லை.

"அந்த இருவது பேரும் வேற வூட்டுக்குப் போறவங்க இல்லியா நைனா?"

"அவுங்க யாரோ எவுரோ. மேல கீறவங்க சொல்றாங்க, சொல்லித்தரேன். நீ என் பொண்ணு, உனக்கு எதுக்குமா அந்தச் சான்றிதழ்லாம்?" என்றார், ஏதோ கௌரவம் செய்கிற மாதிரி.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் சொன்ன வாக்கு அவர் நினைவில் இருந்ததாகவே தெரியவில்லை. அதுதான் அவளை அறுத்தது. ஏமாற்ற வேண்டும் என்று ஏமாற்றியிருந்தாலாவது, அவளை ஓர் ஆளாக நினைத்தார் என்று ஆகியிருக்கும்.

பயிற்சி முடிவில் விழா. அதற்கு ஒரு யானை முந்தானைச் சேலை கட்டித் தருவதாக வேணுகோபால் ஒப்புக்கொண்டார். அதற்குள் அவர் கண்ணில் புரை விழுந்திருந்தது. வெளிச்சத்தில் உட்கார்ந்தால் நிழலாகத் தெரியும், அவ்வளவுதான். பரிமளாவைச் சனி ஞாயிறு வரச்சொல்லி, அவள் எடுத்துக்கொடுக்க இவர் கட்டினார். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கட்டி முடிந்தது. சட்டத்திலிருந்து இறக்கி மூட்டை கட்டுவது ஹேமலதாவின் வேலை. இறக்கும்போதே விரலுக்குத் தெரிந்துவிட்டது. மூன்றாவது வரிசை ஆரம்பமே இரண்டு பிடி தள்ளி இருந்தது. முந்தானை முழுக்க யானைகளுக்குக் கால் இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வேணுகோபால் ஒரு கருமாதிக்காகத் தேவிகாபுரம் போனார். அடுத்த பஸ்ஸில் பரிமளா செய்யாறு போனாள். ஹேமலதா மூட்டையைப் பிரித்துச் சட்டத்தில் ஏற்றினாள். அறைக் கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு, நடுப்பகல் வெளிச்சத்தில், நூற்றிருபது கட்டை அவிழ்த்து நூற்றிருபது கட்டு போட்டாள். வாயால் சொன்னால் அப்பா நம்பமாட்டார், கையால் காட்டினால் நம்பித்தானே ஆக வேண்டும் என்று நினைத்தாள். கை ஒரு தடவைகூடத் தயங்கவில்லை. அன்றைக்கு அவள் சாப்பிடவே மறந்துபோனாள்.

திங்கள்கிழமை வந்ததும் வராததுமாக வேணுகோபால் மூட்டையை வாங்கித் தடவினார். மூன்றாவது வரிசையில் விரல் நின்றது. திரும்பவும் தடவினார். முகம் அப்படியே மலர்ந்தது. அன்றைக்கு இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டார். பக்கத்தில் நின்ற ஹேமலதாவுக்கு அழுகை வந்துவிட்டது. நான்தான் கட்டினேன் என்று கண்டுபிடித்துவிட்டார். விழாவில் நாலு பேர் முன்னால் சொல்லலாம் என்று வைத்திருக்கிறார். அந்த ஒரு மாதம் அவள் இருந்த சந்தோஷம் அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

விழாவுக்கு அவள் புதுச்சேலை கட்டிக்கொண்டு போனாள். சேலையைப் பிரித்து இரண்டு பக்கமும் பிடித்தார்கள். யானைகள் நாலு காலிலும் கம்பீரமாக நடந்தன. அதிகாரி எழுந்து நின்று கை தட்டினார். மாலை போட்டுக்கொண்டு வேணுகோபால் மைக்கைப் பிடித்தார்.

"ஒரு உண்மைய சொல்லிட்றேங்க. கண்ணு தெரியாம இந்த யானைக்கு நான் காலை வெட்டிட்டேன். சனிக்கிழமையே தடவிப் பாத்துட்டேன், வெக்கத்துல யார்கிட்டயும் சொல்லல. திங்கக்கிழமை வந்து பாத்தா எல்லாம் சரியா கீது. மாமனார் மானத்த காப்பாத்தினு, ஒரு வார்த்த சொல்லாம போயிருக்குது என் மருமவ. பரிமளா, வாமா இங்க."

கூட்டம் தட்டியது. பரிமளா எழுந்தாள். திரும்பி, கடைசி வரிசையில் இருந்த ஹேமலதாவைப் பார்த்தாள். பார்க்கவில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம், நன்றாகவே பார்த்தாள். பிறகு மேடைக்குப் போய்ப் பொன்னாடையை வாங்கிக்கொண்டாள். பயிற்சிப் பெண்களில் ஹெப்சிபா என்று ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், உங்களுக்கு உடம்பு சரியில்லையாக்கா என்று கேட்டு ஹேமலதாவின் கையைப் பிடித்தாள்.

கூடத்துக்கு வெளியே பரிமளாவை மடக்கி, ஏன் அண்ணி என்று ஒரே கேள்விதான் கேட்டாள். நாலு பேர் முன்னால் மாமாவை எப்படி மறுத்துப் பேசுவது என்றாள் பரிமளா. உன் அண்ணன் கம்பெனியில் ஆளைக் குறைக்கிறார்கள், அடுத்த பயிற்சிக்கு என்னைப் போடுவதாக அதிகாரி சொல்கிறார், உனக்கென்ன, பிள்ளையா குட்டியா என்றாள். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். பிள்ளையும் குட்டியும் எங்கே போயின என்று அவளுக்குத் தெரியாதா? துரைக்கு இப்போது இரண்டு பெண்கள். தறிக்குப் பக்கத்தில் விளையாடுகிறார்கள் என்று கேள்வி.

வீட்டுக்கு வந்ததும் ஹேமலதா அப்பாவிடம் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை.

"அந்த மூணாவது வரிசைய சரி பண்ணது நாந்தான் நைனா."

வேணுகோபால் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம். சின்னக் குழந்தை ஏதோ சொன்ன மாதிரி சிரித்தார்.

"அண்ணிக்கு சால்வை போட்டாங்கன்னு மனசுல வெச்சிகினு பேசாதமா. நீ அவுக்கறவ," என்றார். மாலையை ஆணியில் மாட்டிவிட்டுப் படுக்கப் போனார்.

மறுநாள் அவள் வழக்கம்போல் கற்றையை மடியில் போட்டுக்கொண்டு அவிழ்க்க உட்கார்ந்தாள். அடுத்த தை மாதம் பெரிய போட்டி ஒன்று வந்தது. டெல்லிக்குப் போகிற போட்டி என்றார்கள். விண்ணப்பத்தில் கட்டியவர்கள் என்ற இடத்தில் வேணுகோபால், பரிமளா என்று எழுதினார்கள். சேலையின் உடம்பு முழுக்க யானை, கிளி, இடையிடையே பூ. பரிமளா செய்யாற்றை விட்டு வந்து தங்கிவிட்டாள். ஐம்பது நாள் இரண்டு பேரும் கட்டினார்கள். இந்தத் தடவை தப்பு இருந்ததா இல்லையா என்று ஹேமலதா சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. கட்டி முடித்த மறுநாள் பரிமளா செய்யாறு போய்விட்டாள். நாளை காலை சாயம் என்று வேணுகோபால் சொன்னார்.

காலையில் அவர் கொல்லையில் அடுப்பை மூட்டிச் சாயத் தொட்டியை ஏற்றினார். தண்ணீர் கொதிக்கத் தொடங்கியதும், மூட்டையை எடுத்துகினு ஜல்தியா வாமா என்று குரல் கொடுத்தார். பதில் இல்லை. இன்னொரு தடவை கூப்பிட்டார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே வந்தார். கட்டுகிற அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஏதோ மெத்து மெத்தென்று தரையில் விழுகிற சத்தம் கேட்டது. அவர் காலடியிலும் மெத்தென்று ஏதோ மிதிபட்டது. குனிந்து எடுத்துப் பார்த்தார். ரப்பர் வார். காலை எங்கே வைத்தாலும் ரப்பர் வார்.

"இன்னாமா பண்ணிகினு கீற?"

"அவுக்கறேன் நைனா."

"இன்னும் சாயமே ஏறலியே."

"அது எனக்கு எப்டி தெரியும்? நான் அவுக்கறவ," என்றாள். ராத்திரியெல்லாம் அவிழ்த்ததில் மிஞ்சிய கடைசிக் கட்டைத் துரை கொடுத்த பித்தளைக் கொக்கியால் நெம்பிவிட்டாள். அதுவும் விழுந்தது.

வேணுகோபால் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கையை நீட்டி நூலைத் தேடிப் பிடித்தார். இந்த நுனியிலிருந்து அந்த நுனிவரை தடவினார். மறுபடியும் தடவினார். கட்டு இருந்ததற்கு ஓர் அடையாளம் இல்லை. கோடு இல்லை, புள்ளி இல்லை. தாத்தா போட்ட சட்டம் அப்படி. வெறும் வெள்ளைப் பட்டு வழுவழுவென்று அவர் விரலில் ஓடியது. திட்டப் போகிறார் என்று ஹேமலதா காத்திருந்தாள். அடிக்கப் போகிறார் என்றுகூட நினைத்தாள். அவர் திட்டவும் இல்லை, அடிக்கவும் இல்லை.

"எங்கெங்க கட்டு இருந்துச்சின்னு உனக்கு நாபகம் கீதா ஹேமா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்காகத்தான் அவள் இருபது வருஷத்துக்கு மேல் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள். கேட்டுவிட்டார். கேட்டதும் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். ஒன்றும் இல்லை.

"எல்லாம் நாபகம் கீது நைனா," என்றாள்.

கொக்கியை முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தாள். அவர் கை நூலோடு அவள் பக்கம் நீண்டிருந்தது. அவள் வாங்கவில்லை. கொல்லைக்குப் போய், கொதித்துக்கொண்டிருந்த சாயத்தை அடுப்பிலிருந்து இறக்கிவைத்தாள்.